விந்தில் அணு இல்லையென்றால்: விதையில் ஊசி வைத்து செல் எடுத்துக் காரணம் கண்டறியும் முழு வழிகாட்டி

கல்யாணமாகி இரண்டு வருஷம் தாண்டினால் நம் கொங்குப் பக்கம் முதலில் பெண்ணைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி என்று அவள் எல்லாவற்றையும் தாங்கி முடித்த பிறகுதான் கணவன் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுக்கிறார்கள். இந்த வரிசை தப்பு. குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு வலி இல்லை, செலவும் குறைவு. அதுதான் முதலில் வர வேண்டும்.

அந்தப் பரிசோதனையில் விந்தணு ஒன்றுகூட இல்லை என்று வந்தால் அதற்கு அசூஸ்பெர்மியா என்று பெயர். ஆண்களில் 100க்கு ஒருவரிடமும், குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் 10 முதல் 15 சதவீதம் பேரிடமும் இது காணப்படுகிறது. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: விதையில் உற்பத்தியே இல்லையா, அல்லது உற்பத்தி நடந்தும் வெளியே வரும் வழி அடைத்திருக்கிறதா? விதைக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை, அதாவது மக்கள் சொல்லும் 'ஊசி டெஸ்ட்', இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும். ஆனால் அதைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்க வேண்டும். கேட்கும்போது முழுசாகவும் கேட்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அதைப் பற்றித்தான்.

ஊசிக்கு முன்: விந்துப் பரிசோதனை சரியாக நடந்ததா?

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஊசி வரை போகாதீர்கள். குறைந்தது இரண்டு முறை, சில வார இடைவெளியில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்திருக்க வேண்டும். மாதிரியை லேபிலேயே எடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டிலேயே, சட்டைக்குள் வைத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். அந்தியூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எடுத்து ஈரோட்டுக்கு பஸ்ஸில் கொண்டு வந்த மாதிரியில் அசைவுக் கணக்கு தப்பாகத்தான் வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின் கீழ் வரம்புகள் இவை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி அணுக்கள், மொத்தம் 3.9 கோடி, அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். அணுவே தெரியவில்லை என்றால் லேப் அதோடு நிறுத்தக் கூடாது. மாதிரியை சென்ட்ரிஃபியூஜில் 3000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றி, அடியில் படியும் வண்டலை முழுக்கத் தேட வேண்டும். சாதாரண லேப் சென்ட்ரிஃபியூஜை ரத்தத்துக்கு ஓட்டும் வேகத்திலேயே ஓட்டிவிட்டு 'நில்' (Nil, எதுவும் இல்லை) என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. வண்டலில் நாலைந்து அணு தென்பட்டாலே பாதை மாறிவிடும். அதையே உறைய வைத்து இக்சி (ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் செயற்கைக் கருத்தரிப்பு) செய்யலாம், ஊசி தேவைப்படாமலே போகலாம். எனவே 'வண்டல் பார்க்கப்பட்டதா?' என்ற வரி ரிப்போர்ட்டில் இல்லையென்றால் கேளுங்கள்.

விந்தின் அளவு 1.4 மில்லிக்கும் குறைவாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பாதி மாதிரி டப்பாவுக்கு வெளியே சிந்தியதைத்தான். அடுத்தது விந்து பின்னோக்கி மூத்திரப்பைக்குள் போவது. நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களிடம் இது உண்டு. விந்து வந்த உடனே பிடித்த சிறுநீரைச் சுழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அளவும் குறைவு, அமிலத்தன்மையும் கூடுதல், விந்தில் இருக்க வேண்டிய ஃப்ரக்டோஸ் சர்க்கரையும் இல்லை என்றால் பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாமல் இருக்கலாம். இதை அனுபவமுள்ள டாக்டர் விரலால் தொட்டே சொல்லிவிடுவார்.

விந்தணு ஒன்று உருவாகி முதிர ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. வெளியே வரும் வழியையும் சேர்த்தால் மூன்று மாதம். டெங்கு, சிக்குன்குனியா, டைபாய்டு என்று கடும் காய்ச்சல் வந்து போயிருந்தால் மூன்று மாதம் கழித்தே கணக்கெடுங்கள். ஜிம்மில் உடம்பேற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. வெளியிலிருந்து வரும் ஹார்மோன் மூளையின் கட்டளையை அணைத்துவிடுவதால் விதையில் உற்பத்தி முழுசாக நின்றுபோகலாம். இவர்களுக்கு மருத்துவ மேற்பார்வையில் அந்த ஊசியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதுதான் முதல் வைத்தியம். உற்பத்தி திரும்ப மாதக்கணக்கில் ஆகும்.

கையால் தொட்டும், ரத்தத்திலும், ஜீன்களிலும்

விதையின் அளவை ஆர்கிடோமீட்டர் மணிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வளர்ந்த ஆணுக்கு 15 முதல் 25 மில்லி வரை இருக்கும். ஸ்கேனில் பார்த்தால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 0.71ஆல் பெருக்க வேண்டும். 3.0, 2.0, 1.6 என்றால் 6.8 மில்லி. சில ஸ்கேன் சென்டர்களின் மெஷின் 0.52ஐப் பயன்படுத்தும். அதே விதை 5 மில்லி என்று வரும். இரண்டு இடத்து ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது குழம்பாமலிருக்க மூன்று அளவுகளையும் பாருங்கள், மில்லியை மட்டும் பார்க்காதீர்கள்.

காலையில் எடுத்த ரத்தத்தில், விதையை வேலை செய்ய வைக்க மூளையடிச் சுரப்பி அனுப்பும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஹார்மோன்களையும், விதை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனையும் பார்க்க வேண்டும். எஃப்.எஸ்.எச். 7.6க்கு மேல், விதையின் நீளம் 4.6 செ.மீ.க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் உற்பத்திக் கோளாறு. இரண்டும் நேர்மாறாக இருந்தால் பெரும்பாலும் அடைப்பு. எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டுமே மிகக் குறைவாக இருந்தால் குறை மூளையின் கட்டளையில். ஹார்மோன் ஊசிகளால் உற்பத்தியைத் தொடங்க வைக்க முடியும் என்பதால் அவர்களுக்கு விதையில் ஊசி வைக்க அவசியமில்லை.

உற்பத்திக் கோளாறு என்று தோன்றினால் குரோமோசோம் பரிசோதனையும் ஒய் குரோமோசோமின் நுண்ணிழப்புப் பரிசோதனையும் ஊசிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இதில் நாம் பிடிவாதமாக இருக்கிறோம், காரணம் இருக்கிறது. ஒய் குரோமோசோமில் ஏ.இசட்.எஃப்.-ஏ அல்லது பி பகுதி முழுசாக இல்லாதவரின் விதையிலிருந்து விந்தணு கிடைப்பதில்லை. அவருக்கு ஊசியும் ஆபரேஷனும் வீண் வலி, வீண் செலவு. சி பகுதி மட்டும் இல்லாதவர்களில் பாதிப் பேருக்கு நெருக்கமாக விந்தணு கிடைக்கிறது. ஆனால் பிறக்கும் ஆண் குழந்தைக்கும் அதே குறை போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 47 எக்ஸ்.எக்ஸ்.ஒய். அமைப்பான கிளைன்ஃபெல்டரில் விதை மிகச் சிறியதாக, கெட்டியாக இருக்கும்.

வேலையையும் பழைய நோய்களையும் கேட்டறிய வேண்டும். விந்தணு உற்பத்திக்கு விதைப்பையின் சூடு உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைந்திருக்க வேண்டும். கோவை ஃபவுண்டரியில் உலை முன் நிற்பவர், திருப்பூர் சாயப்பட்டறையில் பாய்லர் பக்கம் வேலை செய்பவர், நாமக்கல் லாரியில் இன்ஜின் சூட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் இவர்களெல்லாம் இதைச் சொல்லியாக வேண்டும். வெங்காயக் காட்டிலும் மஞ்சள் காட்டிலும் மருந்தடிப்பவர்கள் மருந்தின் பெயரோடு சொல்ல வேண்டும். மருந்தால் விந்தணு அழிவது வெறும் பேச்சல்ல. டி.பி.சி.பி. என்ற நூற்புழு மருந்தைத் தயாரித்த தொழிலாளர்களிடம் அது 1977இல் கலிஃபோர்னியாவில் நிரூபணமானது. வயசுக்கு வந்த பிறகு வந்த அம்மைக்கட்டு, சிறுவயதில் விதை இறங்காமல் இருந்தது, குடலிறக்க ஆபரேஷன், கேன்சர் மருந்து, காசநோய் எதையும் விடக் கூடாது.

யாருக்கு ஊசி அவசியம்?

ஆரம்ப ரிப்போர்ட்டுகளே பதிலைச் சொல்லிவிட்டால் நோயறிவதற்கென்று தனியாக ஊசி வேண்டாம். சர்வதேச வழிகாட்டுதல்களும் அடைப்பா, உற்பத்திக் கோளாறா என்று பிரிப்பதற்காக மட்டும் எல்லோருக்கும் சதைப் பரிசோதனை (விதையிலிருந்து சிறு திசுத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சி) செய்யச் சொல்வதில்லை.

ஊசி உண்மையாகவே கைகொடுக்கும் இடம் வேறு. விதை நல்ல அளவு, எஃப்.எஸ்.எச். சரி, குழாயும் கையில் தட்டுப்படுகிறது, ஆனால் விந்தில் அணு இல்லை. பார்க்கும் யாரும் அடைப்பு என்றுதான் சொல்வார்கள். ஆனால் உற்பத்தி பாதியில் நின்றுபோகும் வளர்ச்சித் தடையிலும் படம் இதேபோல்தான் இருக்கும், ஹார்மோன்கூட ஏமாற்றும். அடைப்பு என்று நினைத்துக் குழாய் இணைப்பு ஆபரேஷனுக்குப் போகும் முன் உள்ளே விந்தணு இருக்கிறதா என்று செல்கள்தான் சொல்ல முடியும். இரண்டாவது இடம், உற்பத்திக் கோளாறு உள்ளவரின் விதையில் எந்தப் பகுதியில் விந்தணு இருக்கிறது என்று பல இடங்களில் குத்தி வரைபடம் எடுப்பது. இதை அமெரிக்காவில் டூரெக் 1997இல் முறைப்படுத்தினார்.

எக்காரணம் கொண்டும் ஊசி வைக்கக் கூடாத இடமும் உண்டு. விதையில் கட்டி சந்தேகம் இருந்தால் விதைப்பை வழியாக ஊசி போகவே கூடாது. கேன்சர் செல் தோலுக்குப் பரவவும், நிணநீர்ப் பாதை மாறவும் வாய்ப்பிருக்கிறது. அதனால்தான் ஊசிக்கு முன் ஸ்கேன் கட்டாயம். விதையில் இப்போது வீக்கமும் சீழும் இருந்தாலும், ரத்தம் உறையாத நோய் இருந்தாலும் தள்ளிப்போட வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதைக் கொடுத்த டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது.

ஊசி வைக்கும் நாள்

நோயறிய ஒரு நாள், விந்தணு எடுக்க இன்னொரு நாள் என்று பிரித்தால் ஒரே விதையை இரண்டு முறை குத்த வேண்டி வரும். அதனால் தேதி குறிக்கும்போதே கேளுங்கள்: அணு கிடைத்தால் உறைய வைக்க வசதி இருக்கிறதா? எம்பிரியாலஜிஸ்ட், அதாவது விந்தணுவையும் கருமுட்டையையும் கையாளும் லேப் நிபுணர், அன்று இருப்பாரா? மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கும் வசதி உள்ள இடம் 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எழுத்துப்பூர்வமான சம்மதத்தையும் வாங்க வேண்டும்.

ரத்தம் உறையும் நேரம், தட்டணுக்கள், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி பார்த்திருக்க வேண்டும். முடியை டிரிம்மரால் எடுத்தால் போதும். பிளேடு போட்டால் வெட்டுக்காயத்தில் கிருமி ஏறும்.

மல்லாந்து படுக்க வைத்து, இடுப்பெலும்புக்குக் கீழே விந்துத் தண்டை இரு விரலுக்கு நடுவே பிடித்து, மரத்துப்போக வைக்கும் மருந்தான, அட்ரினலின் கலக்காத 2 சதவீத லிக்னோகெயின் பக்கத்துக்கு 5 மில்லி போடுவார்கள். மருந்தைத் தள்ளும் முன் சிரிஞ்சை இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. இரு பக்கமும் சேர்த்து 200 மில்லிகிராம் ஆகிறது. கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் என்ற உச்சவரம்பின்படி 45 கிலோ எடையுள்ளவருக்கு இதுவே எல்லை. ஒல்லியானவருக்கு 1 சதவீதமாக நீர்க்க வைத்துப் போட வேண்டும். ஐந்து நிமிடம் காத்திருந்து, தொட்டுப் பார்த்து மரத்ததை உறுதி செய்த பிறகே ஊசி.

அடுத்தது பிடி. இடக்கையின் கட்டைவிரலுக்கும் அடுத்த இரு விரலுக்கும் நடுவே விதையை நிறுத்தி, முன்பக்கத் தோலை இறுக்க வேண்டும். விதையில் உருவான அணுக்கள் தங்கி முதிரும் சுருள் குழாயான எபிடிடிமிஸ் பின்பக்கமாகவே இருக்க வேண்டும். விதை கையில் நழுவித் திரும்பினால் ஊசி எபிடிடிமிஸுக்குள் போய்விடும். பெரிய தவறு நேர்வது இங்கேதான். எபிடிடிமிஸிலிருந்து வந்த ஸ்மியரில் (ஸ்லைடில் பூசிய மாதிரியில்) விந்தணு கொட்டிக் கிடக்கும், கூடவே அந்தக் குழாயின் உட்சுவரைச் சேர்ந்த உயரமான எபிதீலியல் செல்களும், கழிவை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களும் இருக்கும், ஆனால் இளம் விந்துச் செல் ஒன்றுகூட இருக்காது. இளம் செல்லே இல்லாமல் அணு மட்டும் இருக்கும் ஸ்லைடைப் பார்த்தால் 'உற்பத்தி நன்றாக இருக்கிறது' என்று எழுதக் கூடாது, ஊசி எங்கே போனது என்று கேட்க வேண்டும்.

23 கேஜ் ஊசி, 10 மில்லி சிரிஞ்ச், ஒரு கையால் இழுக்க வசதியான பிஸ்டல் பிடி. விதையின் மேல், நடு, கீழ் என்று குறைந்தது மூன்று இடம், இரு விதையிலும். உற்பத்தி திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் ஒரே துளையை நம்பக் கூடாது. ஊசி உள்ளே போனதும் சிரிஞ்சை இழுத்து வெற்றிடம் ஏற்படுத்தி, 5 முதல் 8 மில்லிமீட்டர் தூரத்துக்கு முன்னும் பின்னும் விசிறிபோல் திசை மாற்றி 10 முதல் 20 தடவை அசைக்க வேண்டும். வெளியே எடுக்கும் முன் வெற்றிடத்தை விட்டுவிட வேண்டும். விடாமல் எடுத்தால் ஊசித் தண்டில் இருக்க வேண்டிய துளி சிரிஞ்சுக்குள் தெறித்துக் காய்ந்துவிடும், ஸ்லைடுக்கு எதுவும் வராது. ஒவ்வொரு துளையையும் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தக்கட்டு வெகுவாகக் குறையும்.

ஸ்லைடில் முதல் பத்து நொடி

நல்ல ஊசியையும் கெட்ட ஸ்மியர் பாழாக்கிவிடும். சிரிஞ்சைக் கழற்றி, காற்றை நிரப்பி மீண்டும் மாட்டி, துளியை ஸ்லைடில் விட்டு, இன்னொரு ஸ்லைடால் மென்மையாக இழுக்க வேண்டும். அழுத்தினால், விந்துச் செல்களைத் தாங்கி வளர்க்கும் செர்டோலி செல்லின் மெல்லிய உடல் கிழிந்து வெறும் உட்கரு மட்டும் மிஞ்சும், உட்கருக்களும் நூல்போல் இழுபடும்.

ஒரு ஸ்லைடை உடனே 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும், பாப் நிறமூட்டலுக்கு. குறைந்தது 15 நிமிடம் ஊற வேண்டும். இன்னொன்றைக் காற்றில் உலர வைத்து மே-குருன்வால்ட் ஜீம்சாவில் நிறமூட்ட வேண்டும். முதல் ஸ்லைடு ஜாருக்குப் போக சில நொடி தாமதித்தாலும் ஓரம் காய்ந்து உட்கரு ஊதிவிடும், விந்துச் செல்லின் முதல் நிலையான ஸ்பெர்மட்டோகோனியம் எது, அடுத்த நிலையான ஸ்பெர்மட்டோசைட் எது என்று பிரிக்க முடியாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பல்லடம், உடுமலைப் பக்கம் ஜன்னல் திறந்து ஃபேனும் ஓடும் அறையில் இது கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். ஃபேனை அணைத்து, ஜாரின் மூடியை முன்பே திறந்து கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்லைடிலும் பென்சிலால் வலது அல்லது இடது, மேல், நடு, கீழ் என்று எழுதியிருக்க வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

ஊசியில் மிஞ்சும் துளியை வளர்ப்புத் திரவத்தில் விட்டு எம்பிரியாலஜிஸ்ட் உயிருள்ள அணுவைத் தேடுவார்.

மைக்ராஸ்கோப்பில் என்ன தெரிய வேண்டும்

நோயியல் நிபுணர் குறைந்தது 200 விந்துச் செல்களை எண்ணி வகை பிரிப்பார். உட்கருவில் நூல்போல் திரண்ட குரோமட்டினோடு (மரபுப் பொருளோடு) பெரிதாகத் தெரிபவை முதல்நிலை ஸ்பெர்மட்டோசைட்கள். இரண்டாம் நிலை வெகு சீக்கிரம் பிரிந்துவிடுவதால் அரிதாகவே காணும். அதற்கடுத்த நிலை உருண்ட, நீண்ட ஸ்பெர்மட்டிட்கள், பிறகு வாலோடு விந்தணு. செர்டோலி செல்லை அதன் உட்கருவின் நடுவிலுள்ள ஒற்றைத் தெளிவான புள்ளி (நியூக்ளியோலஸ்) காட்டிக்கொடுக்கும். டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லைடிக் செல் குறைவாகவே இருக்கும்.

எல்லா நிலைகளும் சரியான விகிதத்தில் இருந்தால் உற்பத்தி முழுமை. விந்தில் மட்டும் அணு இல்லையென்றால் அடைப்புதான், அடுத்த வேலை அடைப்பின் இடத்தைத் தேடுவது. எல்லா நிலையும் இருந்து அணு குறைவாக இருந்தால் உற்பத்திக் குறைவு. ஸ்பெர்மட்டோசைட்கள் நிறைய, அதற்குமேல் எதுவுமில்லை என்றால் வளர்ச்சித் தடை. செர்டோலி செல் மட்டுமே இருந்தால் செர்டோலி மட்டும் என்ற நிலை. எத்தனை குத்தினாலும் ஒன்றிரண்டு செல்லுக்கு மேல் வராமல் வறண்டிருந்தால் விதைக்குள் அணு உற்பத்தியாகும் நுண்குழாய்கள் நாராகிப் போயிருக்கலாம். கிளைன்ஃபெல்டரிலும் அம்மைக்கட்டு தாக்கிய விதையிலும் இது சகஜம். ஆனால் வறண்ட ஊசிக்குக் கை நுட்பமும் காரணமாகலாம், எனவே அதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது.

'செர்டோலி மட்டும்' என்று வந்தவரிடம் 'இனி வழியே இல்லை' என்று சொல்வது அநியாயம். ஊசி போன இடத்தில் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். 1999இல் ஷ்லெகல் அறிமுகப்படுத்திய மைக்ரோ டீசி முறையில் ஆபரேஷன் மைக்ராஸ்கோப்பால் தேடும்போது உற்பத்திக் கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எங்காவது ஒரு திட்டில் அணு கிடைத்துவிடுகிறது.

ஊசியால் முடியாததும் உண்டு. அந்த நுண்குழாய்ச் சுவரின் தடிப்பையும் திசுவின் அமைப்பையும் அது காட்டாது, புற்றுநோயின் ஆரம்ப நிலைச் செல்களையும் தவறவிடலாம். சிறுவயதில் விதை இறங்காமல் இருந்தவர், ஸ்கேனில் சுண்ணாம்புப் புள்ளிகளோடு சந்தேகத்துக்குரிய பகுதி தெரிபவர் போன்றோருக்குச் சதைப் பரிசோதனையே நல்லது. அதற்கு அரிசி அளவு திசு போதும், ஃபோர்செப்ஸால் நசுக்கக் கூடாது, திசுவைப் பதப்படுத்தும் பூவான் (Bouin) திரவத்தில் போட வேண்டும். வார்டில் எப்போதும் தயாராக இருப்பது ஃபார்மலின் டப்பாதான். அதில் போட்டால் குழாய்கள் சுருங்கிச் செல் வரிசை குலைந்துபோகும். பூவான் திரவத்தை லேபிலிருந்து முன்கூட்டியே வரவழைத்து வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் துண்டில் சுற்றிய ஐஸை 20 நிமிடம் வைத்து எடுத்து, இடைவெளி விட்டு மீண்டும் வையுங்கள். இறுக்கமான ஜட்டி அல்லது லங்கோடு, வலிக்குப் பாராசிட்டமால். இரண்டு நாள் பைக் வேண்டாம். தறி ஓட்டுவது, மூட்டை தூக்குவது, லாரி ஓட்டுவது, தாம்பத்தியம் எல்லாம் ஒரு வாரம் கழித்து. லேசான நீலம் பாய்வது சகஜம். விதைப்பை மணிக்கு மணி பெருத்துக்கொண்டே போனாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ ராத்திரியானாலும் போய்விடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் தேட வேண்டியவை: இரு விதைக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா, எத்தனை இடம், செல்கள் போதுமானவையா, காணப்பட்டதில் மிக முதிர்ந்த செல் எது, விந்தணு உண்டா. 'விந்தணு இல்லை' என்ற ஒற்றை வரி ரிப்போர்ட்டால் பயனில்லை, விவரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோவை, பெருந்துறை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் நோயியல் துறைகள் இருக்கின்றன, இரண்டாவது கருத்துக்கு ஸ்லைடை எடுத்துப் போகலாம். ஸ்லைடு கையில் இல்லையென்றால் அதே குத்தலை மறுபடி தாங்க வேண்டி வரும். அப்படியே மறுபடி குத்தத்தான் வேண்டும் என்றாலும் உள்ளிருக்கும் ரத்தக்கட்டும் வீக்கமும் வடிய மூன்றிலிருந்து ஆறு மாதம் விட வேண்டும்.

ரிப்போர்ட் வாங்கப் போகும்போது கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். ஒறம்பரைக்கு (உறவினருக்கு) சொல்வதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு இருவரும் முடிவு செய்துகொள்ளலாம். இக்சிக்குப் போவதா, குழாய் ஆபரேஷனா, மைக்ரோ டீசியா என்று தேர்ந்தெடுக்கும்போது மனைவியின் வயதையும் கருமுட்டை இருப்பையும் கணக்கில் வைத்தே பேச வேண்டும். அடைப்பைத் திறந்த பிறகு விந்தில் அணு வர ஒரு வருஷம் வரைகூட ஆகலாம். மனைவிக்கு 38 வயதென்றால் அந்த ஒரு வருஷத்தைக் காத்திருப்பில் கழிப்பதா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்.